ஒரு ஹெக்டேர் காட்டைச் சுரங்கத்துக்கோ சாலைக்கோ கொடுக்கும்போது அரசு வாங்கும் தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது? அது இழப்பை ஈடுகட்டுமா?

ஈடுகட்டாது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இன்றைய விகிதத்தில், பல இடங்களில் கிடைக்கக்கூடிய நிலங்களிலேயே மலிவானது காட்டு நிலம்தான். அதனால் திட்டங்கள் காட்டைத் தேடி வருகின்றன.

நீங்கள் கேட்கும் தொகைக்கு நிகர தற்போதைய மதிப்பு என்று பெயர். வனத்துறையில் என்.பி.வி. என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். நீலகிரி கூடலூர்ப் பகுதியில் மரம் வெட்டியதை எதிர்த்து 1995இல் தொடங்கிய கோதவர்மன் வழக்கில் இருந்துதான் இது வந்தது. 2002இல் உச்ச நீதிமன்றம் இதை வசூலிக்கச் சொன்னது. பொருளியலாளர் காஞ்சன் சோப்ரா தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு, 2008 மார்ச்சில் விகித அட்டவணை உறுதியானது. காடுகளை ஆறு சூழல் வகுப்புகளாகவும், ஒவ்வொரு வகுப்பையும் மிக அடர்ந்தது, நடுத்தர அடர்த்தி, திறந்தது என மூன்றாகவும் பிரித்து, ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை நிர்ணயித்தார்கள். 2022 ஜனவரியில் விலைவாசி உயர்வைக் காட்டி இது ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கப்பட்டது. சரணாலயம் என்றால் ஐந்து மடங்கு, தேசியப் பூங்கா என்றால் பத்து மடங்கு கட்ட வேண்டும்.

நடுத்தர அடர்த்தியுள்ள வறண்ட இலையுதிர் காட்டுக்கு 2022 விகிதப்படி சுமார் 12.3 லட்சம் வருகிறது. மரம், விறகு, தீவனம், சிறுவனப் பொருள், நீர், மண், கரியமில வாயுவைப் பிடித்து வைப்பது எனக் காடு தரும் பலன்களை 20 ஆண்டுகளுக்கு எடுத்து, வருங்காலப் பலனுக்கு ஆண்டுக்கு 4 சதவீதம் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்த தொகை இது. ஓர் ஆண்டுப் பலனை இப்படி இன்றைய மொத்த மதிப்பாக்கும் பெருக்கெண், 20 ஆண்டு, 4 சதவீதத்துக்கு 13.59. அதால் வகுத்தால், ஒரு ஹெக்டேர் காடு ஆண்டுக்கு ஏறத்தாழ 90,000 ரூபாய் பலன் தருவதாக அரசே ஒப்புக்கொள்கிறது என்று ஆகிறது.

இங்கே 20 ஆண்டு என்பதைக் கவனியுங்கள். 2015க்குப் பிறகு இரும்புத்தாது போன்ற கனிமங்களின் குத்தகையே 50 ஆண்டுக்குத் தரப்படுகிறது. திறந்தவெளிச் சுரங்கம் தோண்டிய இடத்தில் பழைய காடு திரும்ப வருவதில்லை. அதே 90,000 ரூபாயை 50 ஆண்டுக்குக் கணக்கிட்டால் பெருக்கெண் 21.48, தொகை 19 லட்சத்தைத் தாண்டும். காடு என்றென்றும் இருந்திருக்கும் என்று எடுத்தால் பெருக்கெண் 25, தொகை 22 லட்சத்துக்கு மேல். காட்டின் பலனை ஒரு ரூபாய்கூட உயர்த்தாமல், ஆண்டுகளின் எண்ணிக்கையைத் திருத்தினாலே தொகை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது.

இனி வாங்குபவர் பக்கம் வருவோம். பத்து மீட்டர் தடிமனுள்ள நிலக்கரிப் படுகை ஒரு ஹெக்டேரின் அடியில் இருந்தால், சேதாரம் போக ஒரு லட்சம் டன் எடுக்கலாம். 12.3 லட்சத்தை அதன் மேல் பரப்பினால் டன்னுக்கு 12 ரூபாய். டன் விலையை 1,500 என்று வைத்தால், கனிமம் எடுப்பதற்காக அரசுக்குக் கட்டும் 14 சதவீத ராயல்டி மட்டுமே 210 ரூபாய் ஆகிறது. காட்டின் விலை அந்த ராயல்டியில் பதினேழில் ஒரு பங்குதான். இந்தத் தொகையைப் பார்த்து எந்த நிறுவனமும் சுரங்கத்தின் எல்லையை நூறு மீட்டர் தள்ளிப்போடாது.

சாலைத் திட்டத்தில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். ஏக்கர் 20 லட்சம் ரூபாய் மதிப்புள்ள பட்டா நிலம் என்றால் ஹெக்டேர் ஏறத்தாழ 50 லட்சம். 2013 நில எடுப்புச் சட்டப்படி கிராமப்புறத்தில் இழப்பீடு அதுபோல் இரண்டு முதல் நான்கு மடங்கு, அதாவது ஒரு கோடி முதல் இரண்டு கோடி. பக்கத்திலேயே இருக்கும் காப்புக்காடு என்.பி.வி., அழியும் காட்டுக்கு ஈடாக வேறு நிலத்தில் காடு வளர்க்கும் செலவு எல்லாம் சேர்த்தாலும் இதன் அருகில் வராது. நூற்றுக்கணக்கான பட்டாதாரர்களுடன் பேச வேண்டியதும் இல்லை. சாலையைத் திட்டமிடும் பொறியாளர் வரைபடத்தில் கோட்டைக் காட்டுப் பக்கம் வளைப்பதற்கு இதுவே காரணம். விலை தவறாக இருக்கும்போது அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அட்டவணைக்குள்ளேயும் கோளாறு உண்டு. சோழமண்டலக் கடற்கரையோரத்தில், பெரும்பாலும் கோயில் காடுகளாக மட்டுமே எஞ்சியிருக்கும் வறண்ட பசுமைமாறாக் காடுகள் முட்காட்டோடு சேர்த்து நான்காம் வகுப்பில், ஆகக் குறைந்த விலையில் கிடக்கின்றன. அரிதான காடு என்பதற்கு அங்கே மதிப்பெண்ணே இல்லை. அடர்த்தி என்பது மரக்கவிகையை, அதாவது மரங்களின் தலைகள் தரையை மூடும் அளவை வைத்து மட்டும் பார்ப்பது. அதனால் நீலகிரியின் இயற்கையான மலைப் புல்வெளி மதிப்புக் குறைந்ததாகவும், அதே மலையில் நட்ட தைல மரத்தோப்பு அடர்ந்த காடாகவும் கணக்கில் ஏறும். மலையின் நீரைச் சேமித்துத் தருவது அந்தப் புல்வெளி என்பது அங்கே விவசாயம் செய்பவர்களுக்குத் தெரியும்.

சமவெளியில் 20 ஹெக்டேருக்கும் மலையில் 5 ஹெக்டேருக்கும் மேல் போனால் செலவு-பலன் ஆய்வு தர வேண்டும் என்பது 2017 விதிமுறை. அதில் செலவுப் பக்கத்தைப் பாருங்கள். காட்டை இழப்பதற்கு என்.பி.வி., நிலத்தைக் கையில் வைத்திருப்பதற்கு அதில் 30 சதவீதம், வாழிடம் துண்டுபடுவதற்கு அதில் 50 சதவீதம். அடிப்படை எண் குறைவாக இருந்தால் எல்லாமே அதற்கேற்பக் குறையும். பலன் பக்கத்தில் திட்டத்தின் முழு உற்பத்தி மதிப்பும் ஏறும். ஆய்வின் முடிவு ஏன் எப்போதும் திட்டத்துக்குச் சாதகமாக வருகிறது என்பது இதில் புரியும்.

பணம் எங்கே போகிறது? ஈடாகக் காடு வளர்ப்பதற்கென்று உள்ள காம்பா நிதிக்கு. 90 சதவீதம் மாநிலத்துக்கு, 10 சதவீதம் மத்திய அரசுக்கு. இலுப்பைப்பூவும் பீடி இலையும் பொறுக்கி வருமானம் பார்த்த குடும்பத்துக்கு இதில் நேரடியாக எதுவும் இல்லை. அவர்கள் பொறுக்கியதற்கு ரசீதும் இல்லை என்பதால் 90,000 ரூபாய்க் கணக்கிலும் அது குறைவாகத்தான் ஏறியிருக்கும். மாற்று நிலத்தில் காடு வளர்க்கும் நிபந்தனையின் கதி, இந்தியத் தலைமைத் தணிக்கையாளரின் 2013 அறிக்கையில் இருக்கிறது. 2006 முதல் 2012 வரை பெற வேண்டிய காடல்லாத நிலத்தில் 27 சதவீதம்தான் வந்து சேர்ந்தது. காடு வளர்ப்பு நடந்தது வெறும் 7 சதவீதத்தில்.

உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு விண்ணப்பம் வந்தால், இத்தகைய அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அதைத் தேடி, மாவட்ட வன அலுவலர் நிரப்பும் இரண்டாம் பகுதியை முதலில் படியுங்கள். சூழல் வகுப்பும் மர அடர்த்தியும் அங்கே இருக்கும். 0.4, அதாவது கவிகை தரையில் 40 சதவீதத்தை மூடுவது, நடுத்தரம் தொடங்கும் எல்லை. 0.38 என்று எழுதியிருந்தால் அது திறந்த காடு, வறண்ட இலையுதிர் வகுப்பில் ஹெக்டேருக்கு 2.7 லட்சம் குறையும், நூறு ஹெக்டேருக்கு 2.7 கோடி. செயற்கைக்கோள் படத்தோடு அதை ஒப்பிடுங்கள். ஒரே திட்டம் 20 ஹெக்டேருக்குக் கீழாகப் பல விண்ணப்பங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாற்று நிலத்தின் எல்லைக் கோப்பையும் திறந்து பாருங்கள், அங்கே ஏற்கெனவே மரம் நின்றால் புதுக் காடு எதுவும் வரப்போவதில்லை. ஆட்சேபணையை எழுத்தில் தருவதானால் முதல் கட்ட ஒப்புதலுக்கு முன்பே கொடுங்கள். அதற்குப் பிறகு பெரும்பாலும் மாற்றக்கூடியது நிபந்தனைகளைத்தான்.