சந்தாபுரத்தில் மனை: முன்பணத்துக்கு முன் பார்க்கவேண்டிய உத்தரவு

கேள்வி: பெங்களூரு அருகே பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் வேலை செய்கிறேன். சந்தாபுரத்திலிருந்து ஆனேக்கல் போகும் வழியில், புது லேஅவுட் ஒன்றில் 30-க்கு 40 மனை பார்த்திருக்கிறோம். விலை 36 லட்சம். "டி.சி. கன்வர்ஷன் ஆகிவிட்டது, லேஅவுட் அனுமதி இதோ வந்துவிடும், மெட்ரோ வந்தாயிற்று, காவிரித் தண்ணீரும் வரும்" என்கிறார் தரகர். 5 லட்சம் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இப்போது கொடுக்காதீர்கள்.

டி.சி. கன்வர்ஷன் என்பது விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற, டி.சி. எனப்படும் மாவட்ட ஆட்சியரிடமிருந்து 1964-ஆம் ஆண்டின் கர்நாடக நில வருவாய்ச் சட்டம் 95-ஆம் பிரிவின் கீழ் கிடைக்கும் உத்தரவு. அது தருவது அவ்வளவுதான். நிலத்தை எப்படி மனைகளாகப் பிரிப்பது, சாலை எத்தனை அடி, பூங்கா எங்கே, சாக்கடை எங்கே போய்ச் சேரும் என்பதையெல்லாம் அங்கீகரிக்க வேண்டியது ஆனேக்கல் திட்டக் குழுமம். அங்கும் முதலில் கிடைப்பது தற்காலிக அனுமதிதான். வரைபடம் சரி, வேலையைத் தொடங்கலாம் என்பதே அதன் பொருள். சாலை, வடிகால், குடிநீர்க் குழாய், மின் இணைப்பு, கழிவுநீர் ஏற்பாடு எல்லாம் முடிந்து, பூங்காவையும் பொது இடங்களையும் குழுமத்திடம் ஒப்படைத்த பிறகுதான் மனைகள் முழுவதும் விற்பனைக்கு விடுவிக்கப்படும். வேலை நடக்க நடக்கப் பகுதி பகுதியாக விடுவிப்பதும் உண்டு. ஆகவே தரகரிடம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: விடுவிப்பு உத்தரவில் என் மனை எண் இருக்கிறதா?

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. மனைகளை விற்றுவிட்டால் லேஅவுட்காரருக்குச் சாக்கடை போடவேண்டிய அவசரம் போய்விடும். பிறகு குடிவந்தவர்கள் தெருவுக்குத் தெரு பணம் வசூலித்துக் குழாய் பதிப்பார்கள். அந்தக் குழாய் பக்கத்துக் கால்வாயில் முடியும், கால்வாய் ஏரியில் முடியும். சந்தாபுரம் ஏரி மாசடைந்த வழக்கில் 2022 அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. ஆலைக் கழிவோடு வீட்டுக் கழிவும் சேர்ந்துதான் அந்த ஏரியைக் கெடுத்தது. நீங்கள் வாங்கப்போகும் மனையின் கழிவுநீர் எங்கே போகும் என்று கேட்பது உங்கள் உரிமை. அந்த ஊருக்கு நீங்கள் செய்யும் நன்மையும்கூட.

அடுத்து ரேரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டைப் பதிவு செய்யாமல் விளம்பரம்கூடச் செய்யக்கூடாது. கர்நாடக ரேரா இணையதளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்குவதும் சட்டப்படி தவறு. உங்கள் மனைக்கு அது 3.60 லட்சம். கேட்பதோ 5 லட்சம்!

நம் ஊர் பட்டாவைப் போல நினைத்துக் காத்தாவை நம்பிவிடாதீர்கள். அது வரி வசூலுக்கான பதிவு. சொத்து யாருடையது என்பதற்கு மூலப் பத்திரங்களும் வில்லங்கச் சான்றும்தான் ஆதாரம். பத்திரப்பதிவுக்கு இ-காத்தா (மின்னணுக் காத்தா) கட்டாயம் என்பதால் அதுவும் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. நிலத்தின் பூர்வீகத்தையும் பாருங்கள். பட்டியலினத்தவருக்கு அரசு வழங்கிய நிலத்தை அரசின் முன் அனுமதியின்றி விற்றிருந்தால் 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த விற்பனை செல்லாது. அந்தக் குடும்பம் நிலத்தை மீட்கக் கோருவதற்குக் காலக்கெடு இல்லை என்கிறது 2023-இல் வந்த திருத்தம். அது அவர்களுக்குக் கிடைக்கவேண்டிய நியாயம். அதன் மேல் வீடு கட்டி நிற்பவராக நீங்கள் இருக்கக்கூடாது.

மெட்ரோ உண்மைதான், 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தடம் பொம்மசந்திராவரை வருகிறது. காவிரிப் பேச்சை ஒதுக்கிவிடுங்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டத் திட்டம், பெங்களூரு மாநகராட்சியோடு 2007-இல் இணைந்த 110 கிராமங்களுக்கானது. சந்தாபுரம் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றின் ஆழத்தையும், கோடையில் எத்தனை டேங்கர் வருகிறது என்பதையும் பக்கத்து லேஅவுட்டில் குடியிருப்பவர்களிடம் விசாரியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மனைக்குப் போகும்போது கைபேசியில் அரசின் திஷாங்க் செயலியை ஏற்றிக்கொள்ளுங்கள். மனை நடுவில் நின்று திறந்தால் நீங்கள் நிற்கும் இடத்தின் சர்வே எண்ணைக் காட்டும். பத்திரத்திலுள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். ராஜகாலுவே (பெரிய மழைநீர்க் கால்வாய்), ஏரி, கராப் நிலம் (சாகுபடிக்கு உதவாது என்று ஒதுக்கிய நிலம்) எதுவும் குறுக்கே வருகிறதா என்றும் அதில் தெரியும். சாலையை டேப் வைத்து அளந்துவிடுங்கள். வரைபடத்தில் 30 அடி என்றிருப்பது தரையில் குறைந்திருக்கலாம்.

பழைய பத்திரங்கள் பெரும்பாலும் கன்னடத்தில் இருக்கும். தரகர் கூட்டிவரும் வக்கீல் வேண்டாம். கன்னடம் படிக்கத் தெரிந்த வேறொரு வக்கீலை நீங்களே அமர்த்தி, எல்லா நகல்களையும் கொடுத்து, எழுத்துமூலமாகக் கருத்து வாங்குங்கள். நகல் தர லேஅவுட்காரர் தயங்கினால் வேறு மனை பாருங்கள்.