சீதனக் காணி முதல் தேர் வடம் வரை: சட்டத்தரணியிடம் கேளுங்கள்

சீதனக் காணி என் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் விற்பதற்குக் கணவரின் கையெழுத்து வேண்டும் என்கிறார் நொத்தாரிசு. அவர் கைவிட்டுப் போய் ஆறு வருடங்கள். ஆணும் பெண்ணும் சமம் என்று அரசியலமைப்பில் இல்லையா? (சாவகச்சேரி வாசகி)

இருக்கிறது, இலங்கை அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையில். ஆனால் 16ஆம் உறுப்புரை, 1978இல் இந்த அரசியலமைப்பு வருவதற்கு முந்திய சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணானாலும் செல்லும் என்கிறது. கணவனின் எழுத்துமூலச் சம்மதம் கேட்கும் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் தப்பி நிற்கிறது. நிறைவேறிய சட்டத்தை இந்திய நீதிமன்றங்கள் ரத்துச் செய்வதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வருபவர்களிடம், இங்கே அந்த அதிகாரம் இல்லை என்று விளக்குவதற்குள் என் தேநீர் ஆறிவிடுகிறது. உங்களுக்கு வழி அதே கட்டளைச் சட்டத்திலேயே உண்டு. கைவிடப்பட்ட மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, கணவரின் சம்மதமின்றி விற்க அனுமதி பெறலாம். அவர் தமது முதுசக் காணியை விற்க உங்கள் கையெழுத்து தேவையில்லை. கோபம் வந்தால் அது நியாயமானதே.

சாதியைச் சொல்லித் தேர் வடம் பிடிக்க விடவில்லை. உயர் நீதிமன்றம் போகலாமா? (வலிகாமம்)

நேரே போக முடியாது. அடிப்படை உரிமை மனு அரசின் நிறைவேற்று, நிருவாகச் செயல்களுக்கு எதிரானது; கோயில் தர்மகர்த்தா அரச உத்தியோகத்தர் அல்லர். ஆனால் சாதி காரணமாக வழிபாட்டைத் தடுப்பது 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டப்படி குற்றம். 1968இல் மாவிட்டபுரம் கோயிலில் சாதியைச் சொல்லி வழிபட வந்தவர்களை வழிமறித்ததற்கான வழக்கும் இதன்கீழ்தான். வடம் பிடிப்பதும் வழிபாடே என்று நான் வாதிடுவேன். பொலிஸில் முறையிடுங்கள். முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் அந்த மறுப்பு அரசின் செயல். உயர் நீதிமன்றக் கதவு அங்கேதான் திறக்கிறது. போன நாள், நேரம், உத்தியோகத்தரின் இலக்கம் எல்லாவற்றையும் கொப்பியில் குறித்து வையுங்கள்.

தமிழர் என்பதால் பதவி உயர்வு மறுக்கப்பட்டது. ஆறு வாரங்கள் ஆகிவிட்டன.

1991இல் ராமுப்பிள்ளை வழக்கில், பதவி உயர்வை இன விகிதப்படி பங்கிட்ட முறை சமத்துவத்துக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. உங்கள் சிக்கல் நாட்கணக்கு: அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்ய ஒரு மாதம்தான். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், விசாரணைக் காலம் கணக்கில் சேராது. முறையிட்டீர்களா?

புதிய அரச கட்டடத்துக்குப் படிகள் மட்டுமே. சக்கர நாற்காலியில் எப்படி ஏறுவது?

மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் செயற்பாட்டாளர் அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், புதிய பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் இருக்க வேண்டும் என்று 2011இலேயே உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. படிகளைப் படம் எடுத்து, திணைக்களத் தலைவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.