நிழல் விழும், டீச்சர்

அன்புள்ள சார்,

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒருநாள் சுற்றுலா கூட்டிப்போனோம். கல்லணை, தஞ்சைப் பெரிய கோயில், அரண்மனை, சரசுவதி மகால், கங்கைகொண்ட சோழபுரம். பெரிய கோயிலின் நிழல் தரையில் விழாத அதிசயத்தைச் சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. செல்ஃபி எடுத்தார்கள், தலையாட்டி பொம்மைக் கடைக்கு ஓடினார்கள். பணம் கட்ட முடியாத இரண்டு பிள்ளைகளுக்கு நானே கட்டியிருந்தேன். எல்லாம் வீண்தானா? இனி கூட்டிப்போகத்தான் வேண்டுமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சருக்கு,

இரண்டு பிள்ளைகளுக்குப் பணம் கட்டியதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அதற்கு முதலில் என் வணக்கம். செல்ஃபியை விடுங்கள், அந்த வயதில் எடுக்கத்தான் செய்வார்கள். பொம்மையும் வாங்கட்டும்.

ஆனால் ‘நிழல் விழாத அதிசயம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. சில வாரங்களாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பதும் இதுதான். அண்மையில் பெரிய கோயிலுக்குப் போயிருந்தேன். கல்தளம் சுட்டதால் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காலை மாற்றி மாற்றி வைத்தபடி கருவறைமேல் எழும் கோபுரமாகிய விமானத்தின் நிழலில் ஒதுங்கி நின்றார்கள். அவர்களிடம்தான் ஒரு வழிகாட்டி, இந்தக் கோபுரத்துக்கு நிழலே விழாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சிறுமி மட்டும் தன் காலடியைக் குனிந்து பார்த்தாள், பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று நாம்தானே பழக்கியிருக்கிறோம்!

நிழல் விழும், டீச்சர். காலையில் மேற்கே விழும், மாலையில் கிழக்கே விழும். மார்கழி மாதத்து உச்சிவேளையில்கூட வடபுறத் தரையில் நன்றாகவே நீண்டு கிடக்கும். வெயில் ஏறக்குறையத் தலைக்கு நேரே வரும் மாதங்களில் மட்டும் நண்பகல் நிழல் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும், அவ்வளவுதான். வடபுறம் நீளும் அந்த உச்சிவேளை நிழலை வைத்து உங்கள் பிள்ளைகள் விமானத்தின் உயரத்தையே கண்டுபிடித்திருக்கலாம். ஒரு மீட்டர் குச்சியை நட்டு அதன் நிழலை அளக்க வேண்டும். வடபுறச் சுவரிலிருந்து விமான நிழலின் நுனி வரைக்கும் அளந்து, அடித்தள அகலத்தில் பாதியாகிய 15 மீட்டரைக் கூட்ட வேண்டும். அதைக் குச்சி நிழலின் நீளத்தால் வகுத்தால் ஏறத்தாழ 60 மீட்டர் என்று விடை வரும். கண்ணெதிரே கிடந்த இந்தக் கணக்கை மூடி மறைத்துவிட்டு ஒரு பொய்யைக் கொடுத்தீர்கள். பொய்க்கு வாயைப் பிளக்கவில்லை என்று பிள்ளைகள்மேல் குறை வேறு!

அதிசயம் வேண்டுமென்றால் கல்வெட்டில் இருக்கிறது. கோயில் கட்டி முடிந்தது 1010இல். ‘நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ கல்லிலே வெட்டச் சொல்கிறான் ராஜராஜன். அக்கா குந்தவையின் கொடையும் ஊரார் கொடையும் அவனுடையதோடு சேர்ந்தே கணக்கில் ஏறுகின்றன. ஆடல் மகளிர் 400 பேருக்குத் தெரு, வீட்டு வரிசை, சொந்த ஊர்க்கோயில், பெயர் என்று பட்டியலே உண்டு. தலைவீட்டில் இருப்பவள் திருவையாற்றிலிருந்து வந்த சேரமங்கை. ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு 100 கலம் நெல். தச்சன், தையற்காரன், நாவிதன், கணக்கன் எல்லாருக்கும் அதில் இடம் இருக்கிறது. கட்டிய பெருந்தச்சனின் பெயரும் கிடைக்கிறது, குஞ்சரமல்லன்.

என் பள்ளிக்காலத்தில் எங்கள் தமிழய்யா வேறு எங்கும் கூட்டிப்போகாமல் கல்வெட்டு உள்ள அந்தக் கோயில் சுவரின் முன்னால் எங்களை உட்காரவைத்தார். ‘தெரிந்த எழுத்து ஏதாவது இருக்கிறதா, தேடுங்கடா’ என்றார். முதலில் ட அகப்பட்டது, அப்புறம் ப, ய. புள்ளி எங்கே ஐயா என்று ஒருவன் கேட்டான். கல்லில் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள், நீயே வைத்துப் படி என்றார். மதியச் சாப்பாட்டுக்கு எங்களை எழுப்ப அவர் அதட்ட வேண்டியிருந்தது.

நீங்கள் ஒரே நாளில் ஐந்து இடம் காட்டினீர்கள். வேனில் ஏறி இறங்கியே பொழுது போயிருக்கும், பிள்ளைகள் எதை நின்று பார்ப்பார்கள்?

கூட்டிப்போக வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் போங்கள், பெரிய கோயில் ஒன்றுக்கு மட்டும். அளவு நாடாவும் குச்சியும் எடுத்துக்கொள்ளுங்கள், கணக்கு ஆசிரியரையும் விடாதீர்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு எனக்கு எழுதினால், சேரமங்கை வரும் கல்வெட்டுப் பகுதியைப் பிள்ளைகள் படிக்கும்படி எழுதி அனுப்புகிறேன்.