களர் நிலத்துக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு போடலாமா?

கேள்வி: ஐயா, திருப்புல்லாணிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் நெல் நிலம். மழைத் தண்ணீர் இறங்காமல் கலங்கலாக நிற்கிறது. காய்ந்தால் ஓடு கட்டி முளை மேலே வருவதில்லை. மண் பரிசோதனையில் பி.எச். (அமில, காரத் தன்மை) 9.1, இ.சி. (உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) 1.6. ஜிப்சம் போடச் சொன்னார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பிலும் கால்சியம்தானே, அதைப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். கால்சியம் இரண்டிலும் உண்டு. அதோடு சேர்ந்திருப்பது எது என்பதில்தான் காரியம் இருக்கிறது.

உங்கள் மண் களர், அதாவது சோடியம் மிகுந்த கார மண். எதிர்மின்னூட்டம் உள்ள களித்துகள்களில் சோடியம் அயனி ஒட்டியிருக்கிறது. அதற்கு நேர்மின்னூட்டம் ஒன்றே ஒன்று. துகள்களைச் சேர்த்துப் பிடிக்க வலுப் போதாது. துகள்கள் பிரிந்து மண்ணின் துளைகளை அடைத்துவிடுகின்றன. கால்சியத்துக்கு மின்னூட்டம் இரண்டு. ஒரு கால்சியம் போய் ஒட்டினால் இரண்டு சோடியம் வெளியேறும். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். அதிலுள்ள சல்பேட்டுக்கும் எதிர்மின்னூட்டம் இரண்டு. அந்த இரண்டு சோடியத்தோடு கணக்குச் சரியாகி சோடியம் சல்பேட் ஆகிறது. அது தண்ணீரில் நன்றாகக் கரையும், வடித்துவிடலாம்.

நீற்றிய சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு. அங்கே வெளியேறும் சோடியம் ஹைட்ராக்சைடோடு சேர்ந்து, அதாவது காஸ்டிக் சோடாவாகி, பி.எச்.-ஐ இன்னும் ஏற்றும். நீற்றாத கிளிஞ்சல் தூளோ கால்சியம் கார்பனேட், இந்த பி.எச்.-ல் அநேகமாகக் கரையாது. ஜிப்சம் லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் கரையும்.

அளவுக்கு, ஆய்வுக்கூடத்தில் ‘ஜிப்சம் தேவை’ (உங்கள் மண்ணுக்கு எவ்வளவு ஜிப்சம் வேண்டும் என்ற சோதனை) பார்த்துக்கொள்ளுங்கள். 15 செ.மீ. ஆழத்தில், 100 கிராம் மண்ணுக்கு 1 மில்லி ஈக்விவலன்ட் (அயனியை மின்னூட்டக் கணக்கில் அளக்கும் அலகு) சோடியத்தை விரட்ட ஏக்கருக்குச் சுமார் 770 கிலோ தூய ஜிப்சம் வேண்டும். தூய்மை 80 சதவீதம் என்றால் 960 கிலோ. நெல்லுக்கு மொத்தத் தேவையில் பாதியோடு தொடங்கலாம். உப்பளத்து ஜிப்சம் என்றால் கழுவியதா என்று கேட்டு வாங்குங்கள், கறியுப்பு கலந்திருக்கும்.

புரட்டாசியில் நிலத்தைச் சமன் செய்து, வரப்பை உயர்த்தி, வடிகால் வெட்டுங்கள். ஜிப்சத்தைத் தூவி மேல் 10 செ.மீ.க்குள் மட்டும் கலக்கவும். ஆழ உழுதால் வீரியம் பரவிக் குறைந்துவிடும். ஐப்பசி மழையை 10 செ.மீ. உயரம் தேக்கி, நாலைந்து நாள் கழித்து வடியுங்கள். மழை இருக்கும்வரை திரும்பச் செய்யுங்கள். வடிகால் இல்லையென்றால் ஜிப்சத்துக்குச் செலவழிக்கவே வேண்டாம். வெயிலில் உப்பு மறுபடி மேலே பூத்துவிடும். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் விரட்டிய சோடியத்தையே திரும்பக் கொண்டுவருகிறீர்கள்.

இந்த ஒரு பருவம் புழுதி விதைப்பை விட்டு நடவுக்குப் போவது நல்லது. நடவுக்கு 10, 15 நாள் முன் ஏக்கருக்கு 2 டன் பசுந்தழை மிதித்துவிடுங்கள். களரில் துத்தநாகம் பயிருக்கு எட்டாது. ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து நடவின்போது தூவவும், சூப்பர் பாஸ்பேட்டோடு சேர்க்க வேண்டாம்.