பேக்கப் இருந்தால் ரான்சம்வேரைச் சமாளித்துவிடலாமா?

ரான்சம்வேர் என்பது ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் மென்பொருள். தினமும் ராத்திரி பேக்கப் ஓடுகிறது, அது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த பேக்கப் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் கணினிகள் இருக்கும் அதே நெட்வொர்க்கில் இருந்தால், தாக்குபவர்கள் அதையும் சேர்த்தே பூட்டிவிடுவார்கள்.

2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நாசகார மென்பொருள் தாக்கியபோது மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் டொமைன் கன்ட்ரோலர்கள் (நெட்வொர்க்கில் யார் நுழையலாம் என்று நிர்வகிக்கும் சர்வர்கள்) உலகம் முழுக்க அழிந்தன. ஒன்றுக்கொன்று நகலாக இருந்தவைதான், ஆனால் எல்லாம் ஒரே நெட்வொர்க்கில். கானாவில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. அந்த நேரம் அங்கே கரண்ட் போயிருந்தது! அதை வைத்துத்தான் மீண்டார்கள்.

அதனால் ஒரு நகலையாவது நெட்வொர்க்கிலிருந்து முழுசாகப் பிரித்து வையுங்கள். ஹார்டு டிஸ்க் என்றால், காப்பி முடிந்ததும் கேபிளைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். அப்புறம், பலரும் விட்டுவிடுவது இது: மாதம் ஒருமுறை அதை வேறு கணினியில் மீட்டு, பழைய பில் ஒன்று ஒழுங்காகத் திறக்கிறதா என்று பாருங்கள்.