கேள்வி – பதில்: தாத்தாவின் பிரெஞ்சுக் காலம்

கேள்வி: என் தாத்தா ‘சொல்தா’, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர். இன்றும் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் வாங்குகிறார். “பிரெஞ்சுக்காரன் இருந்தவரைக்கும் ஊர் ஒழுங்கா இருந்துச்சு” என்பார். வீட்டில் பேசுவதோ தமிழ். நாங்கள் யார்? – ஒரு வாசகி, புதுச்சேரி.

பதில்: உங்கள் தாத்தாவை நான் குறை சொல்லமாட்டேன், அம்மா. 1881-இல் வந்த ஆணைப்படி, இந்து, முஸ்லிம் தனிச்சட்டங்களைத் துறந்து குடும்பப் பெயர் எழுதிக்கொண்டவர்களுக்கு பிரெஞ்சுச் சிவில் சட்டம் கிடைத்தது. சாதியின் கொடுமையிலிருந்து தப்பும் வழியாகவே அதைக் கண்டவர்கள் பலர். அந்த நன்றி பொய்யல்ல. 1962-இல் புதுச்சேரி பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது சட்டப்படி முடிந்ததும், குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாதம் தந்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்று ஆனதெல்லாம் அப்போதுதான்.

ஆனால் “ஒழுங்கு” என்ற சொல் என்னை உறுத்துகிறது. வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கருப்பர் நகரம் என்று பிரித்துவைத்ததும் அந்த ஒழுங்குதான். 1936 ஜூலை 30 அன்று எட்டு மணி நேர வேலை கேட்ட ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் சுடப்பட்டு இறந்தார்கள். 1954-இல் புதுச்சேரியை அடுத்த கீழூரில் வாக்களித்த மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணையச் சொன்னார்கள். அவர்களும் உங்கள் ஊர்க்காரர்கள்தான்.

இரண்டும் உங்களுடையவை. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14-க்குத் தாத்தா பதக்கம் குத்திக்கொண்டு கிளம்பும்போது கூடப் போங்கள். திரும்பி வரும் வழியில், அந்த ஆலைத் துப்பாக்கிச் சூட்டைப் பற்றி அவருடைய அப்பா என்ன சொன்னார் என்று கேளுங்கள்.