எடை அதிகம், ஆனாலும் இரும்புச்சத்து குறைவு: இது எப்படி, என்ன செய்வது?

கேட்டவர் தந்த விவரம்: வயது 31, உயரம் 158 செ.மீ., எடை 82 கிலோ. ஹீமோகுளோபின் 11.4, ஃபெரிட்டின் (உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் புரதம்) 46. மூன்று மாதமாகக் காலையும் இரவும் இரும்பு மாத்திரை போட்டும் அளவு ஏறவே இல்லை. நன்றாகச் சாப்பிடுகிற, குண்டான ஒருவருக்கு இரும்புச்சத்து எப்படிக் குறையும், ஃபெரிட்டின் நார்மல்தானே, மாத்திரையால் எடை இன்னும் கூடுமா என்பவை கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: மாத்திரையால் எடை ஏறாது. இரும்பில் கலோரி இல்லை. குறைபாடு சரியாகும்போது சிலருக்கு மந்தமாக இருந்த பசி திரும்பும், அவ்வளவுதான். எடைக்குப் பயந்து மாத்திரையை நிறுத்துகிறவர்கள் நிறைய. களைப்பில் நடக்கக்கூட முடியாமல் உட்கார்ந்துவிடுவதுதான் எடை குறைவதற்குப் பெரிய தடை.

இனி எடைக்கும் இரும்புக்கும் வருவோம். பருமனான வளரிளம் பருவத்தினரின் ரத்தத்தில் இரும்பு குறைவாக இருப்பது 1962-லேயே மருத்துவ இதழில் வந்துவிட்டது. காரணம் வெகுகாலம் பிடிபடவில்லை. இப்போது தெரியும்: கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன். கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு அல்ல. அது அதிகமாகும்போது, அழற்சியைத் தூண்டும் பொருள்களை விடாமல் ரத்தத்தில் கலக்கும். உடலில் ஏதோ தொற்று இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கல்லீரல் ஹெப்சிடினைக் கூட்டும். குடல் செல்லிலிருந்து ரத்தத்துக்கு இரும்பு போக இருக்கிற ஒரே கதவு ஃபெரோபோர்ட்டின் என்ற புரதம். ஹெப்சிடின் அதில் ஒட்டி அதையே அழித்துவிடும். நீங்கள் விழுங்கிய இரும்பு குடல் செல்லுக்குள்ளேயே தங்கி, சில நாளில் அந்தச் செல் உதிரும்போது மலத்தோடு வெளியே போய்விடும். பழைய சிவப்பணுக்களிலிருந்து தினமும் மீட்கப்படும் 20 முதல் 25 மி.கி. இரும்பும் இதேபோல் மண்ணீரல், கல்லீரல் செல்களில் சிக்கிக்கொள்ளும். வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும் என்பது உண்மைதான். ஆனால் எடை அதிகமுள்ள பெண்களுக்கு அந்த உதவி சரியான எடை உள்ளவர்களுக்குக் கிடைப்பதில் பாதிதான் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள்.

இதோடு செலவுக் கணக்கையும் சேருங்கள். 1 மி.லி. ரத்தத்தில் சுமார் அரை மி.கி. இரும்பு. மாதவிடாயில் 40 மி.லி. ரத்தம் போனால் 20 மி.கி. நஷ்டம், 80 மி.லி. போனால் 40 மி.கி., அதாவது நாளொன்றுக்கு 1.3 மி.கி. தோல், குடல் வழியாக எல்லோருக்கும் போகும் 1 மி.கி.யையும் கூட்டினால், தினம் 2.3 மி.கி. உள்ளே போயாக வேண்டும். சாப்பாட்டில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு உடலில் சேர்ந்தால்கூட 23 மி.கி. சாப்பிட வேண்டும்; கதவு பாதி மூடியிருந்தால் இன்னும் அதிகம். கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜனையும் உண்டாக்கும். முட்டை வெளிவராத மாதங்களில் கருப்பை உட்சுவர் தடித்துக்கொண்டே போய், ஒருநாள் பெரும் உதிரப்போக்காக வரும். ஒன்றிரண்டு மணிக்கொரு தடவை நாப்கின் மாற்ற வேண்டியிருப்பது, 2.5 செ.மீ.க்கு மேல் பெரிய ரத்தக் கட்டிகள், 7 நாளுக்கு மேல் நீள்வது, இதில் எது இருந்தாலும் முதலில் அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும். ஓட்டையை அடைக்காமல் மாத்திரையை மாற்றி மாற்றிப் போடுவது வீண்.

ஃபெரிட்டின் 46 என்பதை ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் காட்டாததால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். சிக்கல் இங்கேதான். ஃபெரிட்டின் இரும்பின் கையிருப்பைக் காட்டும், ஆனால் அழற்சி இருந்தாலும் ஏறும், கொழுப்புக் கல்லீரல் இருந்தாலும் ஏறும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு. தொற்றோ அழற்சியோ இருந்தால் அந்த எல்லை 70. அழற்சி இல்லாதவர்களுக்கும் 15 வரை காத்திருக்காமல் 30-லேயே சிகிச்சை தொடங்கும் மருத்துவர்கள் பலர். ஆகவே ஃபெரிட்டினைத் தனியாகப் பார்க்காதீர்கள். அதே ரத்தத்தில் சிஆர்பி (அழற்சியைக் காட்டும் புரதம்), சீரம் அயர்ன் (ரத்தத்தில் ஓடும் இரும்பு), டிஐபிசி (ரத்தம் மொத்தமாகச் சுமக்கக்கூடிய இரும்பின் அளவு) மூன்றையும் கேளுங்கள். உதாரணமாக சிஆர்பி 9 (5-க்கு மேல் போனால் அழற்சி), சீரம் அயர்ன் 42, டிஐபிசி 380 என்று வந்தால், 42-ஐ 380-ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள்: 11 சதவீதம். இதுதான் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், அதாவது இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது. 20-க்குக் கீழே என்றால் எலும்பு மஜ்ஜைக்குப் போதிய இரும்பு போகவில்லை. ஃபெரிட்டின் 46 என்றாலும் அது குறைபாடுதான். சீரம் அயர்ன் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஏறி இறங்கும் என்பதால் காலையில் வெறும் வயிற்றில், முந்தைய நாள் மாத்திரை போடாமல் ரத்தம் கொடுங்கள். சளி, காய்ச்சல் இருக்கும் வாரத்தில் கொடுக்க வேண்டாம்.

மாத்திரை வேலை செய்யாததற்கு இரண்டு வேளை போடுவதே ஒரு காரணமாக இருக்கலாம். 60 மி.கி. அல்லது அதற்கு மேல் இரும்பு உள்ளே போனதும் ஹெப்சிடின் ஏறி, கிட்டத்தட்ட 24 மணி நேரம் உயரத்திலேயே நிற்கும். இரவு மாத்திரை வரும்போது கதவு சாத்தியிருக்கும். உறிஞ்சப்படாத இரும்பு குடலில் தங்கி, வயிற்று வலியும் மலச்சிக்கலும்தான் மிச்சம். ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் ஒரே மாத்திரை என்று மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் எடையைப் பார்த்து ஏமாறாதீர்கள்: ஃபெரஸ் சல்ஃபேட் (உலர்ந்தது) 200 மி.கி. என்றால் உள்ளே இருக்கும் இரும்பு 65 மி.கி.; ஃபெரஸ் குளுக்கோனேட் 300 மி.கி.யில் 35 மி.கி.தான். மெதுவாகக் கரையும் வகையைத் தவிர்ப்பது நல்லது. இரும்பு உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கத்தில். அதைத் தாண்டிய பிறகு கரைந்து பலனில்லை. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள். டீ, காபி இரண்டு மணி நேரம் தள்ளி. கால்சியம், அமில முறிவு மருந்து இரண்டு மணி நேரம், தைராய்டு மாத்திரை நான்கு மணி நேரம் தள்ளி. குமட்டினால் நிறுத்த வேண்டாம், கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். சரியாக எடுக்கப்படாத 100 மி.கி.யைவிட ஒழுங்காக எடுக்கப்படும் 40 மி.கி. மேல். மலம் கறுப்பது இயல்பு. மாத்திரையைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். சிறு குழந்தைக்குச் சில மாத்திரைகளே உயிருக்கு ஆபத்து.

நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது 1 கிராம் ஏற வேண்டும், அல்லது 12-ஐத் தொட வேண்டும். தொட்டதும் நிறுத்தாமல், கையிருப்பு நிறைய இன்னும் 3 மாதம் தொடர வேண்டும். ஏறாவிட்டால் உதிரப்போக்கு, நெடுநாள் அமிலக் குறைப்பு மாத்திரை, கோதுமைப் புரதத்தால் தூண்டப்பட்டுக் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய், இரைப்பையில் வளரும் ஹெலிகோபாக்டர் கிருமி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) மிகக் குறைந்து, சிவப்பணு எண்ணிக்கை மட்டும் கூடுதலாக இருந்தால் அது தலசீமியா டிரெய்ட்டாக (பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் குறையாக) இருக்கலாம். அதற்கு இரும்பு தீர்வல்ல. ஊசி வழி இரும்பு தேவைப்பட்டால் அளவு கணக்கிடும்போது எடை மறுபடியும் குறுக்கே வரும். வழக்கமான சூத்திரம்: எடை × (15 கழித்தல் உங்கள் ஹீமோகுளோபின்) × 2.4, அதோடு 500. 82 கிலோவைப் போட்டால் சுமார் 1,208 மி.கி.; உயரத்துக்கு ஏற்ற 55 கிலோவைப் போட்டால் 975. பருமனாக இருப்பவர்களுக்கு இரண்டாவதுதான் சரி, ஏனென்றால் கொழுப்புத் திசுவில் ரத்தம் குறைவு.

எடையைக் குறைத்தால் அழற்சி தணிந்து ஹெப்சிடினும் இறங்கும். ஆனால் பட்டினி டயட் எதிர்வேலை செய்யும். வழக்கமான கலப்பு உணவில் 1000 கலோரிக்கு 6 மி.கி. அளவில்தான் இரும்பு இருக்கும். 1200 கலோரியில் நிறுத்தினால் 7 மி.கி. சொச்சம். மெலிந்தவர்களின் பிரச்சினையும் பெரும்பாலும் இதுதான், அவர்களுக்குக் கதவு திறந்தே இருந்தாலும் உள்ளே வர இரும்பு இல்லை. கலோரியைக் குறைக்கிறவர்கள் இறைச்சி, பருப்பு, கீரையைக் குறைக்கக் கூடாது. வெட்ட வேண்டியது சர்க்கரையும் எண்ணெயும். எடை குறைக்க இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, இரும்பை உறிஞ்சும் பகுதியே உணவுப் பாதையிலிருந்து விலகிவிடுவதால், தினம் 45 முதல் 60 மி.கி. இரும்பு தேவை.

கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் ஃபெரிட்டினை முன்பே சரிசெய்துகொள்ளுங்கள். கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில் ரத்த அளவு கூடும்போது எண்கள் தாமாகவே இறங்கும், எது குறைபாடு, எது நீர்த்துப்போனது என்று பிரிப்பது சிரமம். இன்னொன்று: எடை காரணமாக எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பார்த்து 6 சொச்சம் வந்து பயந்திருந்தால், இரும்புக் குறைபாடு அந்த எண்ணை உண்மையைவிடச் சற்று உயர்த்திக் காட்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் பார்த்துவிட்டு, இரும்பு சரியான பிறகு எச்பிஏ1சியைத் திரும்ப எடுங்கள்.